பூனைக்குக் கண் நோய்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டில் பத்தொன்பது ஆண்டுகளாகப் பூனைகள் இருக்கின்றன. தெருவில் யார் வீட்டுப் பூனைக்காவது கண் சிவந்துவிட்டால், முதலில் எங்கள் வாசலில் வந்து நிற்கிறார்கள். கைப்பேசியில் எடுத்த படத்தைக் காட்டி, ஏறக்குறைய ஒரே கேள்விகளைக் கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

நான் கால்நடை மருத்துவர் இல்லை. பூனையைக் கூடையில் போட்டுக்கொண்டு மருத்துவர்களிடம் ஓடிக் கற்றவை இவை. அவர்கள் பேச்சைக் கேட்காமல் ஒரு பூனையின் கண்ணைப் பறிகொடுத்துக் கற்றதும் இதில் உண்டு. மருத்துவரைப் பார்க்கும் வரை என்ன செய்யலாம், எதைத் தொடவே கூடாது, பார்த்துவிட்டு வந்த பிறகு எப்படிக் கவனிப்பது என்பதற்கு மட்டும் இதைப் பயன்படுத்துங்கள்.

காலையில் கண் ஓரத்தில் பழுப்பாக ஏதோ ஒட்டியிருக்கிறது. இது நோயா?

மூக்கை ஒட்டிய ஓரத்தில் கடுகளவு காய்ந்த பொருக்கு இருந்தால், அது நாம் தூங்கி எழும்போது வரும் பீளை மாதிரிதான். துடைத்தபின் அன்று முழுவதும் மறுபடி சேராமல், இரண்டு கண்ணும் ஒரே அளவு அகலமாகத் திறந்திருந்தால் கவலைப்பட வேண்டாம்.

தண்ணீராக வடிந்துகொண்டே இருந்தால் கவனிக்க வேண்டும். தூசியாக இருக்கலாம், புகையாக இருக்கலாம், வைரஸின் தொடக்கமாகவும் இருக்கலாம். மஞ்சளாகவோ பச்சையாகவோ கெட்டியாக வந்தால் பெரும்பாலும் பாக்டீரியாவும் சேர்ந்துவிட்டது என்று பொருள். வெள்ளிக்கிழமைதோறும் தன் பூனைக்குக் கண் கலங்குகிறது என்று ஒரு பாட்டி வந்து சொன்னார். விசாரித்ததில், வெள்ளி மாலை கதவைச் சாத்திக்கொண்டு சாம்பிராணி போடுவது அவர்கள் வழக்கம் என்று தெரிந்தது. கொசுவர்த்திச் சுருளும் இதையேதான் செய்யும். தரையோடு தரையாகப் படுக்கும் பிராணிக்கு அந்தப் புகை நேராக முகத்தில் படுகிறது.

எது தெரிந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்?

கண்ணை மூடிக்கொள்வது. இந்த ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால்கூடப் போதும். வெறும் சிவப்பு ஒரு நாள் பொறுக்கலாம். ஒரு கண்ணைச் சுருக்கி வைத்துக்கொண்டு, வெளிச்சத்தைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கட்டிலுக்கு அடியில் போய் உட்கார்ந்துவிட்ட பூனைக்கு வலி இருக்கிறது. பூனை வலியை வாய் திறந்து சொல்லாது. கண்ணைச் சுருக்கித்தான் சொல்லும். வலி என்றால் பெரும்பாலும் கருவிழியில், அதாவது கண்ணின் முன்னே உள்ள தெளிந்த படலத்தில், புண். பூனையின் கருவிழி அரை மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும் கனம் உள்ளது. பாக்டீரியா அதை அரிக்கத் தொடங்கினால் ஒரே நாளில் ஓட்டை விழுந்துவிடக் கூடும்.

கருவிழி நீலம் பூத்தோ பால் கலந்தாற்போலவோ தெரிவது, இரண்டு கண்மணிகளும் வேறு வேறு அளவில் இருப்பது, கண் பெருத்து வெளியே துருத்துவது, கண்ணுக்குள் இரத்தம், மற்றொரு பூனையோடு சண்டை போட்டுவிட்டு வந்து கண்ணைத் திறக்காமல் இருப்பது ஆகியவையும் அன்றைக்கே காட்ட வேண்டியவை. நகம் கீறிய இடத்தில் மேலே சின்னப் புள்ளிதான் தெரியும். உள்ளே லென்ஸ் வரை கிழிந்திருக்கலாம். சுண்ணாம்போ, தரை துடைக்கும் மருந்தோ கண்ணில் பட்டுவிட்டால் முதலில் சுத்தமான தண்ணீரைக் கால் மணி நேரம் விட்டுக் கழுவுங்கள், பிறகு வண்டியை எடுங்கள்.

பூனைக்கும் மெட்ராஸ் ஐ வருமா? வீட்டில் எங்களுக்கு வந்த வாரத்தில்தான் அதற்கும் கண் சிவந்தது.

நமக்கு வரும் மெட்ராஸ் ஐ பெரும்பாலும் அடினோ வைரஸால் வருவது. அது மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவுகிறது. நாம்தான் பூனைக்குக் கொடுத்துவிட்டோமோ என்று யாரும் மனம் வருந்த வேண்டாம். இரண்டும் ஒரே வாரத்தில் வந்தது தற்செயல்.

பூனையிடமிருந்து நமக்கு வருமா என்பதுதான் அடுத்த கேள்வி. பூனைகளைத் தாக்கும் ஹெர்ப்பிஸ் வைரஸ் மனிதரைத் தொற்றாது. பூனைகளைத் தாக்கும் கிளமிடியா என்ற பாக்டீரியா மிக அரிதாக மனிதரின் கண்ணைச் சிவக்க வைத்திருக்கிறது. மருந்து விட்டதும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள், அந்தக் கையால் உங்கள் கண்ணைத் தேய்க்காதீர்கள். வீட்டில் புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவரோ எதிர்ப்புச் சக்தி குறைந்தவரோ இருந்தால், மருந்து விடும் வேலையை வேறொருவர் ஏற்றுக்கொள்வது நல்லது.

அப்படியானால் எதனால்தான் வருகிறது?

பூனைகளின் கண் நோயில் முக்கியமானவை நான்கு கிருமிகள்: ஹெர்ப்பிஸ் வைரஸ், கலிசி வைரஸ், கிளமிடியா, மைக்கோபிளாஸ்மா. தும்மலும் மூக்கொழுகலும் சேர்ந்து இரண்டு கண்ணும் கலங்கினால் ஹெர்ப்பிஸைச் சந்தேகிப்பார்கள். கருவிழியில் புண் உண்டாக்குவதில் முதலிடம் இதற்குத்தான். நாக்கில் புண், எச்சில் வடிதல் என்றால் கலிசியாக இருக்கலாம். ஒரு கண்ணில் தொடங்கி, சில நாள் கழித்து மற்றக் கண்ணுக்குப் போய், இமையின் உட்புறச் சதை இளஞ்சிவப்பாக நீர் கோத்துப் பிதுங்கினால் கிளமிடியா. இது ஒரு வயதுக்கு உட்பட்ட பூனைகளிடம் அதிகம். தும்மல் குறைவாகவே இருக்கும்.

ஆனால் படத்தைப் பார்த்து இன்ன கிருமி என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஒரே கண்ணில் இரண்டு கிருமிகள் இருப்பதும் உண்டு. புல் விதை சிக்கியிருப்பது, இமை உட்புறமாக மடங்கி முடி கருவிழியில் உரசுவது போன்றவையும் இதே தோற்றத்தைக் கொடுக்கும். இவற்றுக்கு எந்தச் சொட்டு மருந்தும் பயன்படாது.

வீட்டில் மீதமிருக்கும் மனிதர்களுக்கான சொட்டு மருந்தை விடலாமா?

இந்தக் கேள்விக்காகத்தான் முக்கியமாக இதை எழுதுகிறேன். எங்கள் செவலைக்கு ஒரு முறை கண் சிவந்து நீர் வடிந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை. மருந்துக் கடையில் விவரம் சொல்லி ஒரு சொட்டு மருந்து வாங்கி வந்தோம். விட்ட சில மணி நேரத்தில் சிவப்பு போயிற்று. பூனை கண்ணைத் திறந்தது, சாப்பிட்டது. வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. மூன்றாம் நாள் காலையில் கருவிழியின் நடுவே நுங்கு போலக் குழகுழவென்று ஒன்று தெரிந்தது. மருத்துவர் மருந்துப் பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். ஆன்டிபயாட்டிக்கோடு டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு கலந்த மருந்து அது. வைரஸ் உண்டாக்கிய புண் இருந்த கண்ணில் ஸ்டீராய்டு போய், எதிர்ப்பை அடக்கி, புண்ணை உருக்கிவிட்டிருந்தது. அந்தக் கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை.

ஸ்டீராய்டு சிவப்பையும் வீக்கத்தையும் உடனே குறைக்கும். அதனால்தான் அது ஆபத்தானது: குணமாவது போலக் காட்டிக்கொண்டே புண்ணை ஆழமாக்கும். பெட்டியின் மேல் சேர்மானப் பெயர்களைப் படியுங்கள். டெக்ஸாமெதசோன், பெட்டாமெதசோன், பிரட்னிசோலோன், ஃப்ளூரோமெத்தலோன் என்று ‘சோன்’, ‘லோன்’ என முடியும் பெயர் இருந்தால் மருத்துவர் சொல்லாமல் ஒரு சொட்டும் விடாதீர்கள். கண் சிவப்பை மட்டும் போக்குவதற்கென்று விற்கும் சொட்டு மருந்துகளும் வேண்டாம்; அவை பூனையின் உடம்புக்குள் போனால் இதயத் துடிப்பையே பாதிக்கக் கூடியவை.

மனிதர்களுக்கான டோப்ராமைசின், மாக்ஸிஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாட்டிக் சொட்டுகளைக் கால்நடை மருத்துவர்களும் எழுதித் தருகிறார்கள், உண்மைதான். கண்ணைப் பார்த்த பிறகு அவர்கள் எழுதுகிறார்கள் என்பதில்தான் வித்தியாசம் இருக்கிறது. போன முறை மீந்த மருந்து என்றால் இன்னொன்றும் உண்டு: திறந்து ஒரு மாதம் ஆன புட்டியில் கிருமி வளர்ந்திருக்கக் கூடும். அதைக் குப்பையில் போடுங்கள்.

வலிக்கிறதே என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். பூனையின் கல்லீரலுக்கு அதை முறிக்கும் திறன் இல்லை. ஒரு மாத்திரையே உயிரைக் குடித்துவிடும்.

மருத்துவர் கண்ணில் ஏதோ சாயம் விட்டு நீல விளக்கு அடித்தாரே, அது எதற்கு?

ஃப்ளூரசீன் என்ற சாயம் அது. ஆரஞ்சு நிற நுனி உள்ள மெல்லிய காகிதத் துண்டை உப்பு நீரில் நனைத்துக் கண்ணில் தொட்டு வைப்பார்கள். நல்ல கருவிழியில் சாயம் ஒட்டாது, கழுவினால் போய்விடும். மேல் தோல் உரிந்த இடத்தில் மட்டும் ஊறி நிற்கும். நீல வெளிச்சத்தில் அது பச்சையாக ஒளிரும். ஹெர்ப்பிஸ் புண்ணை ஒரு முறை அப்படிப் பார்த்தேன். வெறும் கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத கருவிழியில், சின்ன வேர் கிளை விட்டாற்போலப் பச்சைக் கோடு ஒன்று நெளிந்து ஓடியது. அதைப் பார்த்தபின்தான், வாசலில் நின்றுகொண்டு படம் பார்த்து மருந்து சொல்வதை நான் அடியோடு விட்டேன்.

இந்தச் சோதனை சில நிமிடங்களில் முடிந்துவிடும், வலிக்காது. பிறகு மூக்கிலிருந்து பச்சை நீர் வந்தால் பயப்பட வேண்டாம்; கண்ணிலிருந்து மூக்குக்கு வழி இருக்கிறது. கண் சிவந்த பூனைக்கு இந்தச் சோதனை செய்யாமலே மருந்து எழுதினால், “சாயம் விட்டுப் பார்க்கலாமா டாக்டர்?” என்று பணிவாகக் கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை.

தாய்ப்பால், விளக்கெண்ணெய், நந்தியாவட்டைச் சாறு, பன்னீர்? எங்கள் பாட்டி காலத்தில் இதுதானே விட்டார்கள்?

பாட்டிமார்களின் அக்கறையை நான் மதிக்கிறேன். ஆனால் இவை எதிலும் கிருமி நீக்கப்படவில்லை. பால் கிருமிகளுக்குச் சாப்பாடு. மஞ்சள் தூளும் பூச்சாறும் புண்ணில் உரசும் துகள்களைக் கொண்டு வருகின்றன. எண்ணெய் பூசினால் பூனை காலால் தேய்த்துத் தேய்த்தே கருவிழியைக் கீறிக்கொள்ளும். பன்னீரில் வாசனைப் பொருள்கள் இருக்கின்றன. தேனும் வேண்டாம், தேயிலைத் தண்ணீரும் வேண்டாம்.

வீட்டில் தாராளமாகச் செய்யக் கூடியது ஒன்று உண்டு. அது சுத்தம் செய்வது.

சரி, எப்படிச் சுத்தம் செய்வது?

கொதிக்க வைத்து ஆறிய வெதுவெதுப்பான தண்ணீர் போதும். மருந்துக் கடையில் கிடைக்கும் நார்மல் சலைன் இன்னும் நல்லது. பஞ்சின் இழை கண்ணுக்குள் போய்விடும் என்பதால் காயத்துக்குக் கட்டும் காஸ் துணியை நனைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த பீளையைப் பிய்க்காதீர்கள். நனைந்த துணியை அதன் மேல் ஒரு நிமிடம் அப்படியே வைத்திருந்தால் ஊறி, தானாகக் கழன்று வரும். மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக ஒரே இழுப்பாகத் துடைத்துவிட்டுத் துணியை எறிந்துவிடுங்கள். மற்றக் கண்ணுக்கு வேறு துணி. நோயில்லாத கண்ணை முதலில் துடைப்பது வழக்கமாகட்டும். பீளை மூடியிருக்கும் கண்ணில் மருந்து விட்டால் அது பீளையில்தான் கலக்கும், ஆகவே ஒவ்வொரு முறையும் துடைத்துவிட்டுத்தான் மருந்து.

சொட்டு மருந்து விடவே விடமாட்டேன் என்கிறது. கையெல்லாம் கீறல்.

முன்னால் நின்று புட்டியை நீட்டாதீர்கள். ஏதோ கொத்த வருகிறது என்றுதான் அது நினைக்கும். மேசையில் ஒரு துண்டை விரித்துப் பூனையை அதில் உட்கார வைத்து, கழுத்துக்குக் கீழே முழுவதையும் குழந்தையைத் துணியில் பொதிவது போலச் சுற்றுங்கள். அதன் முதுகு உங்கள் வயிற்றில் சாய்ந்திருக்கட்டும். இடது கையால் தாடையைத் தாங்கி முகத்தை மேலே தூக்கி, புட்டியைப் பிடித்த வலது கையின் ஓரத்தை அதன் தலையில் ஊன்றிக்கொண்டு, அதே கையின் விரலால் மேல் இமையைச் சற்று இழுத்து, மேலிருந்து ஒரு சொட்டு. தலை அசைந்தால் உங்கள் கையும் சேர்ந்து அசையும், புட்டி நுனி கண்ணில் குத்தாது. குளிர்பெட்டியில் இருந்த மருந்தை உள்ளங்கையில் ஐந்து நிமிடம் வைத்திருந்துவிட்டு விடுங்கள். ஒரு சொட்டுக்கு மேல் கண் கொள்ளாது. முடிந்த கையோடு பிடித்த தின்பண்டம் ஒரு துளி கொடுத்துவிட வேண்டும்; நான்காம் நாளில் துண்டைப் பார்த்தால் ஓடாமல் நிற்கும்.

இரண்டு மருந்துகள் இருந்தால் நடுவில் ஐந்து நிமிடம் விடுங்கள். சொட்டு முதலில், களிம்பு பிறகு. கழுத்தில் மாட்டும் பிளாஸ்டிக் கூம்பைப் பாவம் பார்த்துக் கழற்றிவிடுகிறவர்கள் மிகப் பலர். கருவிழிப் புண் உள்ள பூனைக்கு அதன் முன்னங்காலே எதிரி. கூம்பு இருக்கட்டும்.

கீறலைப் பற்றி: பூனை கீறினாலோ கடித்தாலோ சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு கால் மணி நேரம் கழுவிவிட்டு, அரசு மருத்துவமனைக்குப் போய் ரேபிஸ் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். வீட்டுப் பூனைதானே என்று இதில் சலுகை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நான்கே நாளில் சரியாகிவிட்டது, மருந்தை நிறுத்தினோம். இப்போது மறுபடி வந்துவிட்டது. மருந்து சரியில்லையா?

மருந்து சரிதான், நாள் போதவில்லை. கிளமிடியா என்றால் டாக்ஸிசைக்ளின் என்ற மருந்தை வாய்வழியாக நான்கு வாரம் கொடுப்பார்கள். கண் ஒரு வாரத்தில் தெளிந்துவிடும். கிருமி உடம்பின் மற்ற இடங்களில் இருக்கும் என்பதால் மீதி மூன்று வாரமும் கொடுத்தே ஆக வேண்டும். வெறும் கண் சொட்டு இதற்குப் போதாது. வீட்டில் உள்ள எல்லாப் பூனைகளுக்கும் சேர்த்துக் கொடுக்காவிட்டால், ஒன்றிடமிருந்து ஒன்றுக்கு மாறி மாறி வந்துகொண்டிருக்கும்.

டாக்ஸிசைக்ளின் மாத்திரையை வறட்டு வாயில் போட்டுவிட்டுப் போய்விடக் கூடாது. பூனையின் உணவுக்குழாயில் அது ஒட்டிக்கொண்டு புண்ணாக்கும். புண் ஆறும்போது குழாய் சுருங்கி, பிறகு எதையும் விழுங்க முடியாமல் போகும். மாத்திரை கொடுத்த உடனே ஊசியில்லாத சிரிஞ்சில் ஐந்தாறு மில்லி தண்ணீர் கொடுங்கள், அல்லது ஒரு வாய் உணவு. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

என்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக்கை எழுதினால் அளவை மருத்துவரிடம் ஒரு முறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். நாய்க்குக் கொடுக்கும் அளவில் பூனைக்குக் கொடுத்தால் விழித்திரை கெட்டுப் பார்வையே போய்விடக் கூடும். வீட்டு நாயின் மருந்தைப் பூனைக்குப் பங்கு போடுகிறவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை அதே கண்ணில் வருகிறது. நிரந்தரமாகக் குணமாகாதா?

இப்படித் திரும்பத் திரும்ப வந்தால் பெரும்பாலும் ஹெர்ப்பிஸ். ஒரு முறை வந்த வைரஸ் உடம்பை விட்டுப் போவதில்லை. முகத்தின் நரம்பு முடிச்சில் போய் ஒடுங்கிக்கொள்ளும். பூனைக்கு மன அழுத்தம் வரும்போது எழுந்து வரும். வீடு மாறியது, புதுக் குட்டி வந்தது, வீட்டார் ஊருக்குப் போயிருந்தது, தீபாவளி வெடிச் சத்தம் என ஏதோ ஒன்று நடந்து ஒரு வாரம் கழித்துக் கண் கலங்கும். நாள்காட்டியில் குறித்து வைத்துப் பாருங்கள், காரணம் பிடிபடும். அடுத்த தீபாவளிக்கு உள்ளறையில் துணி விரித்த அட்டைப் பெட்டி ஒன்றைப் பத்து நாள் முன்பே வைத்துப் பழக்குங்கள்.

கடுமையாக வந்தால் ஃபாம்சிக்ளோவிர் மாத்திரையோ, வைரஸ் எதிர்ப்புக் கண் மருந்தோ தருவார்கள். மனிதர்கள் அக்கிக்குச் சாப்பிடும் வாலாசிக்ளோவிர் மாத்திரையை எக்காரணம் கொண்டும் கொடுத்துவிடாதீர்கள். அது பூனைக்கு நஞ்சு. அசைக்ளோவிர் மாத்திரையும் அப்படியே, கண் களிம்பாக மட்டும்தான் அதைப் பயன்படுத்துகிறார்கள்.

ஹெர்ப்பிஸுக்கு லைசின் என்ற அமினோ அமிலப் பொடி வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். முன்பு மருத்துவர்களே பரிந்துரைத்தார்கள். 2015-இல், அதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஆய்வாளர்கள், லைசினால் பயன் இல்லை, நிறுத்திவிடலாம் என்று எழுதினார்கள். அந்தப் பணத்துக்கு நல்ல மீன் வாங்கிப் போடுங்கள் என்பேன்.

கண் திறக்காத குட்டி. இமை உப்பி, ஓரத்தில் சீழ் தெரிகிறது. திறந்துவிடலாமா?

குட்டிகள் பிறந்து ஏழு முதல் பதினான்கு நாளுக்குள் கண் திறக்கும். அதற்கு முன்பே மூடிய இமைக்குள் கிருமி புகுந்தால் சீழ் வெளியேற வழியின்றி உள்ளே தேங்கி, கருவிழியை அரித்துவிடும். இது காத்திருக்கும் நோய் இல்லை.

மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் கண்டெடுத்த ஒன்பது நாள் குட்டி ஒன்று நினைவுக்கு வருகிறது. உள்ளங்கையில் அடங்கும் உடம்பு, இடது இமை பட்டாணி அளவுக்கு உப்பியிருந்தது. மருத்துவர் வெந்நீரில் நனைத்த துணியை வைத்து எடுத்து, வைத்து எடுத்து, மூக்கோரத்தில் ஒரு நூலளவு பிரிந்ததும் விரலால் மெல்ல அழுத்தினார். மஞ்சள் சீழ் கோடாக வந்தது. அதன் பின்னால், நம்ப முடியாமல், சாம்பல் நீலத்தில் ஒரு முழுக் கண் இருந்தது. பல நாள் களிம்பு போட்டோம், இமை மறுபடி ஒட்டிக்கொள்ளாமல் மணிக்கொரு தரம் துடைத்தோம். அந்தக் குட்டிக்கு இப்போது ஆறு வயது.

இமையைப் பலவந்தமாகப் பிரிக்காதீர்கள். மருத்துவரிடம் போகும் வழியிலேயே வெதுவெதுப்பான ஒத்தடம் கொடுத்துக்கொண்டு போகலாம். தாமதித்தால் இமையின் உட்சதை கருவிழியோடு ஒட்டி வளர்ந்துவிடும். பிறகு அறுவை சிகிச்சை செய்தாலும் முழுதாகச் சரியாவது கடினம்.

கண்ணோடு மூக்கும் அடைத்திருக்கிறது, இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. கண் சரியானால் சாப்பிடுமா?

அதுவரை காத்திருக்க முடியாது. பூனை வாசனை பிடித்துத்தான் சாப்பிடும். மூக்கடைத்தால் தட்டில் என்ன இருக்கிறதென்றே அதற்குத் தெரியாது. இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து கண் நோயைவிடப் பெரிய ஆபத்து வரும். மத்தி மீனை உப்பில்லாமல் வேகவைத்து, முள் நீக்கி, இளஞ்சூட்டில் வையுங்கள். குளியலறையில் வெந்நீரைத் திறந்து ஆவி நிறைந்ததும் பூனையோடு பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தால் மூக்கு இளகும். அப்படியும் சாப்பிடாவிட்டால் மருத்துவரிடம்.

வீட்டில் இன்னும் மூன்று பூனைகள் இருக்கின்றன. எப்படித் தடுப்பது?

நோய் கண்டதைத் தனி அறையில் வையுங்கள். தட்டு, மணல் தொட்டி, துண்டு எல்லாம் தனி. தும்மலின் துளி நாலைந்து அடி வரை தெறிக்கும். மற்றவற்றுக்குச் சாப்பாடு வைத்துவிட்டு, கடைசியாக நோயாளியிடம் போங்கள். திரும்பும்போது கை கழுவி, சட்டை மாற்றிக்கொள்ளுங்கள். கைகளும் துணிகளும்தான் அதிகம் கடத்துகின்றன.

ஹெர்ப்பிஸ் வைரஸ் உடம்புக்கு வெளியே ஒரு நாள்கூடத் தாங்காது, சோப்பே போதும். கலிசி பல நாள் உயிரோடு இருக்கும். ஒரு பங்கு ப்ளீச்சுக்கு முப்பத்திரண்டு பங்கு தண்ணீர் கலந்து துடைத்து, பத்து நிமிடம் விட்டு, நன்றாகக் கழுவிக் காய்ந்த பிறகு பூனையை விடுங்கள். ஃபீனைல் வேண்டவே வேண்டாம். நடந்த பாதத்தை நக்கினால் போதும், ஃபீனால் வகைப் பொருள்கள் பூனைக்கு நஞ்சு.

தடுப்பூசி போட்டும் ஏன் வந்தது?

ட்ரைகேட் தடுப்பூசி ஹெர்ப்பிஸ், கலிசி இரண்டும் தொற்றாமல் முழுமையாகத் தடுக்காது. வந்தால் கடுமையைக் குறைக்கும். தடுப்பூசி போட்ட பூனைக்கு ஒரு வாரம் கண் கலங்கும், போடாத குட்டிக்குக் கண்ணே போகலாம். எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம் வரை போட்டு, ஓராண்டில் மறுபடி போட வேண்டும். கிளமிடியா இந்தத் தடுப்பூசியில் அடங்காது.

எங்கள் பெர்சியன் பூனைக்கு எப்போதும் கண்ணீர் வடிந்து முகம் பழுப்பாகிவிட்டது. இதுவும் தொற்றா?

பெரும்பாலும் இல்லை. தட்டை முகத்தில் கண்ணீர்க் குழாய் வளைந்து நெருக்கப்படுவதால் நீர் உள்ளே வடியாமல் கன்னத்தில் வழிகிறது. பழுப்பு நிறம் கண்ணீரில் உள்ள நிறமியால் வருவது. தினமும் இரண்டு வேளை துடைத்துக் காய வைத்தால் போதும். கண்ணைச் சுருக்கினால் மட்டும் இரண்டாம் பதிலுக்குத் திரும்புங்கள். இமை உள்மடங்குவதும் இந்த இனத்தில் உண்டு.

இதே இனத்தில் கருவிழியின் நடுவே பழுப்பாகவோ கறுப்பாகவோ ஒரு புள்ளி தோன்றினால், அழுக்கு என்று துடைக்காதீர்கள். நாள்பட்ட புண்ணில் கருவிழியின் ஒரு பகுதி செத்துக் கறுத்துப்போவது அது. பெரும்பாலும் கண் அறுவை தெரிந்தவர்தான் எடுக்க வேண்டும். சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடங்களுக்கு உங்கள் மருத்துவரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள்.

கண்ணின் உள் ஓரத்திலிருந்து வெள்ளைத் தோல் பாதி மூடியிருக்கிறது. கண் உள்ளே போய்விட்டதா?

அது மூன்றாம் இமை. எல்லாப் பூனைக்கும் உண்டு. ஒரு கண்ணில் மட்டும் தெரிந்தால் அந்தக் கண்ணில் வலி இருக்கலாம். இரண்டிலும் தெரிந்தால் வயிற்றுப்போக்கு, குடற்புழு, உடல் நீர் குறைவு, காய்ச்சல் ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். விரலால் தள்ளிவிடாதீர்கள்.

இரண்டு வாரமாகச் சொட்டு மருந்து விடுகிறோம். சிவப்பு போகவில்லை, கண்ணுக்குள் மங்கலாக இருக்கிறது.

அப்படியானால் நோய் கண்ணின் மேற்பரப்பில் இல்லாமல் உள்ளே இருக்கலாம். கண்ணின் உட்பகுதி அழற்சி பெரும்பாலும் உடம்பு முழுவதையும் பற்றிய நோயின் அடையாளம்: பூனை இரத்தப் புற்று வைரஸ், பூனை எய்ட்ஸ் வைரஸ், டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி, பூனைக் கொரோனா வைரஸால் வந்து இளம் பூனைகளைத் தாக்கும் எஃப்.ஐ.பி. என்ற கொடிய நோய். இரத்தப் பரிசோதனையும் கண் அழுத்தப் பரிசோதனையும் தேவைப்படும். எஃப்.ஐ.பி. என்றால் முன்பு கைவிட்டுவிடுவார்கள். இப்போது அதைக் குணப்படுத்தும் வைரஸ் எதிர்ப்பு மருந்து இருக்கிறது, ஆகவே பெயரைக் கேட்டதும் நம்பிக்கை இழக்காதீர்கள்.

பத்து வயது தாண்டிய பூனை திடீரென்று சுவரில் மோதினால், கண்மணி விரிந்தே இருந்தால், அது தொற்று இல்லை. இரத்த அழுத்தம் ஏறி விழித்திரை பிரிந்திருக்கலாம். அன்றைக்கே அழுத்தம் பார்க்க வேண்டும்.

கண்ணை எடுத்துவிட வேண்டும் என்கிறார் மருத்துவர். மனம் வரவில்லை.

செவலைக்கு எடுக்கச் சொன்னபோது நானும் ஐந்து நாள் தள்ளிப்போட்டேன். அந்த ஐந்து நாளும் அது வலியில் இருந்தது. பார்வை போய், உள்ளே சீழ் பிடித்து, அழுத்தத்தில் விம்மும் கண் இரவும் பகலும் வலிக்கும். எடுத்த மறுநாள் காலை அது தட்டில் இருந்ததை முழுவதும் சாப்பிட்டது. தையல் பிரிக்கப் பத்துப் பதினான்கு நாள் ஆகும். பிறகு ஜன்னல் திட்டில் தாவும்போது ஒரு வாரம் தூரம் தவறிற்று, அவ்வளவுதான். அதன் பிறகு ஒன்பது ஆண்டுகள் வாழ்ந்தது. வெளியே மட்டும் விடவில்லை. பார்வையில்லாத பக்கத்திலிருந்து வண்டி வந்தால் தெரியாது.

தெருப் பூனை. சாப்பிட வருகிறது, தொட விடாது. கண் ஒழுகுகிறது. என்ன செய்வது?

தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் சோறு வையுங்கள். கண்ணை நெருக்கமாகப் படம் பிடித்து, ஏறக்குறைய எடையையும் வயதையும் சொல்லி மருத்துவரிடம் காட்டுங்கள். கண் திறந்திருந்து பீளை மட்டும் இருந்தால், உணவில் கலக்கக் கூடிய மருந்தை அவர் எழுதித் தரலாம். மருந்தை முதல் ஒரு கவளத்தில் வைத்துக் கொடுத்து, அது விழுங்கியதைப் பார்த்த பிறகு மீதிச் சோற்றை வையுங்கள். தட்டில் கலந்து வைத்தால் வேறு பூனை தின்றுவிடும்.

கண்ணை மூடிக்கொண்டிருந்தால் பிடித்தே ஆக வேண்டும். பிராணி நலத் தொண்டர்களிடம் பொறிக்கூண்டு இருக்கும், கேட்டால் தருவார்கள். முந்திய இரவு சோறு வைக்காமல், விடியற்காலையில் கூண்டின் கடைசி ஓரத்தில் வறுத்த கருவாட்டை வையுங்கள். கூண்டின் கதவு விழுந்ததும் மேலே ஒரு போர்வையைப் போட்டு மூடிவிட்டால் பூனை அடங்கிவிடும். முன்பே மருத்துவரிடம் நேரம் கேட்டு வைத்துக்கொண்டு இதைச் செய்யுங்கள். கூண்டில் அகப்பட்ட பூனையோடு பூட்டிய மருத்துவமனை வாசலில் நின்றிருக்கிறேன்.